ஊர்ப் பொதுநிலமும் நமது உரிமையும்

மேற்கே பழனி மலைத்தொடரின் அடிவாரம், கிழக்கே சிறுமலை. இவ்விரண்டிற்கும் இடையே பரந்து கிடக்கும் சமவெளியே நமது ஆத்தூர் வட்டாரமாகும். மேலைமலைகளில் பெய்யும் மழை ஓடைகளாய் இறங்கிக் காமராசர் நீர்த்தேக்கத்தில் தங்குகின்றது. குளங்களையும் வாய்க்கால்களையும் நிரப்புகின்றது. குடகனாறாய் வடக்கே ஓடி அமராவதியோடு கலக்கின்றது. இந்நீரை நம்பியே இங்கு நெல்லும் தென்னையும் வாழையும் செழித்தன. திண்டுக்கல் நகர மக்களும் இந்நீரைக் குடித்தே வளர்ந்தனர்.

இத்துணை வளமிக்க மண்ணில் நம் முன்னோரின் குடியிருப்பு எங்கே இருந்தது? பெரும்பாலான ஊர்களில் வயலுக்கு அப்பால், மழைக்காலத்தில் நீர் தேங்கும் தாழ்நிலத்தில் இருந்தது. ஊரின் மந்தையும் குளத்தின் படித்துறையும் கோயிலைச் சூழ்ந்த அகன்ற வீதிகளும் ஒரு புறம். நம் குடிசைகளும் குறுகிய சந்துகளும் மறுபுறம். இவ்வமைப்பு இயற்கையாய் விளைந்ததா? மலையும் ஆறும் இயற்கை தந்தவை. தெருவும் மனையும் மந்தையும் மனிதர் கூடி முடிவு செய்தவை. அம்முடிவு செய்த அவையில் நமக்கு இடமில்லை. நமது கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், அவ்வவையில் நாம் இடம்பெற்ற வரலாற்றையும், பெற்ற இடத்தை நாம் பயன்படுத்தும் பாங்கினையும் நம் இளைஞர் முன் வைக்க விழைகின்றோம்.

சிறுவர் வரைந்த படம்

நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் தத்தம் ஊரின் படத்தை வரைந்து வருமாறு ஒருமுறை கூறினோம். மறுநாள் வந்த படங்களில் கோயில் இருந்தது; குளம் இருந்தது; பேருந்து நிற்குமிடமும் பால் நிலையமும் ஊராட்சி அலுவலகமும் இருந்தன. நம் தெருப் பிள்ளைகள் வரைந்த படங்களிலும் அவையே இருந்தன. தம் தெருவை அப்பிள்ளைகள் வரையவேயில்லை. ஒரு மாணவியை அழைத்து, “உன் வீடு எங்கே அம்மா?” என்று வினவினோம். அவள் தாளின் ஓரத்தைத் தாண்டி மேசையின்மேல் விரலை வைத்துக் காட்டி, “இங்கே இருக்கிறது ஐயா, தாளில் இடம் போதவில்லை” என்றாள்.

அச்சொல் நம் நெஞ்சைவிட்டு இன்றும் அகலவில்லை. ஒரு குழந்தை அறியாமற் செய்த அதே செயலை, அறிந்தே செய்த ஆவணங்கள் எத்தனையோ உள. கிராமக் கணக்கு என்பது பரம்பரைக் கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் இருந்த காலம் நெடிது. எந்த நிலம் நத்தம், எது மேய்ச்சல், எது குளத்துப் புறம்போக்கு என்பதை அறிய வேண்டுமாயின் அவ்வீட்டு வாசலில் நிற்க வேண்டும். வாசலுக்கு வரவும் நம்மவர்க்கு உரிமையில்லை. 1980ஆம் ஆண்டு நவம்பரில் அப்பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் என்னும் அரசுப் பணி ஏற்பட்டது. நமது மக்கள் ஊரின் வரைபடத்தைக் கண்ணாற் காண வழி பிறந்தது அதன் பின்னரே ஆகும்.

நீரை அறிந்தோரும் அவையை அறியாதோரும்

தென்மாவட்டங்களில் கண்மாய் நீரைப் பங்கிட்டு வயலுக்குப் பாய்ச்சியவர் நீர்பாய்ச்சி எனவும் நீர்க்கட்டி எனவும் அழைக்கப்பட்டனர். பல ஊர்களில் அப்பணி நம் மக்களுக்கே உரியதாயிருந்தது. எந்த மடையை எப்பொழுது திறப்பது, கரையில் எவ்விடம் கசிகின்றது, கடைமடை வயலுக்கு நீர் சென்றதா என்பவற்றை அவர்களைப் போல் அறிந்தவர் எவருமிலர். பெருமழை நாளில் நள்ளிரவில் கரையைக் காத்தவர்களும் அவர்களே. எனினும் குளத்தைப் பற்றி ஊர் கூடிப் பேசும்போது அவர்கள் எட்டி நின்று கட்டளைக்குக் காத்திருந்தனர். குளத்தின் அறிவு அவர்களிடம் இருந்தது. குளத்தின் மீதான சொல் பிறரிடம் இருந்தது.

குடிமராமத்து என்பது குடிமக்கள் கூடிக் குளத்தைப் பேணிய நன்முறை எனப் பெருமையாகப் பேசுவோர் உளர். அதில் உண்மை உண்டு. ஆயினும் 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம் என்பதை மறத்தலாகாது. மண் வெட்டிய கைகள் யாருடையவை, நீர் பெற்ற வயல்கள் யாருடையவை என்று வினவினால் அப்பெருமையின் மறுபக்கம் விளங்கும். தமிழக அரசு 2017இல் குடிமராமத்துத் திட்டத்தைப் புதுப்பித்தது. மண் வெட்டுவதில் நமக்கு என்றும் பங்கு இருந்தது. திட்டமிடுவதிற் பங்கு உண்டா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மனையும் நிலமும் பாதையும்

1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்கீர் என்னும் ஆங்கிலேயர், அம்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனையும் தமக்கு உரியதன்று என்னும் நிலையில் மக்கள் இருப்பதை அது எடுத்துரைத்தது. இதன் விளைவாக 1892ஆம் ஆண்டு நம் மக்களுக்கு நிலம் வழங்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என இன்று நாம் கூறுவது அதுவே. பத்தாண்டுகளுக்கு விற்கலாகாது, அதன் பின்னரும் நம் மக்களுக்கேயன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது அதன் நிபந்தனை. அந்நிலங்களிற் பல கைமாறிப் போயின. அவற்றை மீட்கக் குரல் கொடுத்த காரணை ஊர்ப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். நிலத்தின் ஆவணம் உயிரினும் பெரிதாய் நின்ற வரலாறு அது.

பாதையும் குளமும் திறந்த வரலாறும் இதனோடு பிணைந்தது. 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொணர்ந்த தீர்மானத்தின்படி, பொதுச்சாலை, கிணறு, குளம், பொதுக்கட்டடம் ஆகியவற்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என அரசு அறிவித்தது. 1938இல் பெருந்தலைவர் எம். சி. ராசா அவர்களின் முயற்சியால் குடிமை இயலாமைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. இந்திய அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடங்கள் ஆகிய எவற்றினின்றும் சாதி காரணமாக எவரையும் விலக்கலாகாது என விதித்தது.

தாளில் எழுதிய உரிமை தானே நடவாது என்பதற்கு மராட்டிய நாட்டு மகாத் நகரமே சான்று. அங்குள்ள சவுதார் குளத்தை எல்லோர்க்கும் திறந்துவிடுவதாக 1924இல் நகராட்சி தீர்மானித்தது. ஆனால் நம் மக்களில் ஒருவரும் அதில் நீர் அருந்த இயலவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அந்நீரைக் கையில் அள்ளிப் பருகினார்கள். அதன் பின்னரும் வழக்கு நடந்து, 1937இல்தான் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பாயிற்று. தீர்மானத்திற்கும் ஒரு கை நீருக்கும் இடையே இத்தனை ஆண்டுகள் கடந்தன!

வரைபடம் தீட்டியோர்

ஊரமைப்பு என்னும் கலை நம் மாகாணத்திற்குப் புதிதன்று. 1914ஆம் ஆண்டில் ஆளுநர் பெண்ட்லண்டு அவர்களின் அழைப்பின் பேரில் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடீஸ் சென்னைக்கு வந்தார். மதுரை, தஞ்சை முதலிய நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். ஏழைகளின் தெருக்களை இடித்துத் தள்ளுவது ஊரமைப்பு ஆகாது; தெருத் தெருவாக நடந்து, குடியிருப்போரின் வாழ்வை அறிந்து, கிணற்றையும் மரத்தையும் காத்து, சிற்சில இடங்களில் மட்டும் திறப்பு உண்டாக்க வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டமும், 1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும் வந்தன. சட்டங்கள் வந்தனவேயன்றி, தெருத் தெருவாக நடந்து கேட்கும் அவ்வழக்கம் நம் தெரு வரை வரவில்லை.

1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு நிலம் கையகப்படுத்தி நம் மக்களுக்கு மனைகள் வழங்கியது. இஃது பெரும் நன்மையே, ஐயமில்லை. ஆயினும் அம்மனைகள் எங்கே அமைந்தன? பழைய சேரிக்குப் பக்கத்திலோ, அதற்கும் அப்பாலோ அமைந்தன. வரிசை வரிசையாக மூன்று சென்டு மனைகள் வகுக்கப்பட்டபோது, குழந்தைகள் ஆட ஓர் இடமோ, முதியோர் அமர ஒரு மரநிழலோ, கூடிப் பேச ஒரு மந்தையோ பல இடங்களில் ஒதுக்கப்படவில்லை. இரண்டு தலைமுறை கடந்து வீடுகள் பெருகியபோது இருந்த சந்தும் அடைபட்டது. சுடுகாட்டிற்குப் பாதை இன்றி வயல் வரப்பில் பிணம் சுமந்த துன்பத்தை அறியாதார் நம்மில் யார்? 2025ஆம் ஆண்டு ஏப்ரலில், ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களினின்று நீக்கப்படும் எனச் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சியே. பெயர் நீங்குவது முதற்படி. அப்பெயர் வகுத்த எல்லையும் நீங்குதல் வேண்டும்.

அவையில் ஓர் இருக்கை

நம் ஆத்தூர் ஒன்றியத்தில், சின்னாளபட்டிக்கு அருகில், 1947ஆம் ஆண்டு டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரன் அவர்களும் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். கிராமமே நாட்டின் உயிர் என்னும் காந்தியடிகளின் எண்ணத்தில் எழுந்த நிலையம் அது. மறு ஆண்டிலேயே, 1948 நவம்பர் 4ஆம் நாள், அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் கிராமத்தின் குறுகிய மனப்பான்மையையும் சாதிப் பிடிப்பையும் கடுமையாகச் சாடினார்கள். கிராமத்தைக் கோயிலாகக் கண்டது ஒரு பார்வை. அக்கோயிலின் வெளியே நிறுத்தப்பட்டவனின் பார்வை மற்றொன்று. காந்திகிராமத்தின் வாசலில் வாழும் நாம் இரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் இவ்விரு பார்வைகளையும் ஓரளவு இணைத்தது எனலாம். ஊராட்சிக்கு அதிகாரம் வந்தது. அவ்வூராட்சியில் நமக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு வந்தது. பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டம் தீட்டுவது ஊராட்சியின் கடமை என அரசியலமைப்பே கூறலாயிற்று. சிறுபாசனம், சமூகக் காடுகள், எரிபொருளும் தீவனமும், பொதுச் சொத்துகளின் பராமரிப்பு ஆகியன பதினோராம் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. நகரங்களுக்கென வந்த 74ஆவது திருத்தத்தின் அட்டவணையில் பூங்காவும் தோட்டமும் விளையாட்டுத் திடலும் உள்ளன.

இவ்விருக்கை எளிதிற் கிட்டியதன்று. மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் அவர்களும் உடனிருந்தோரும் 1997 ஜூன் 30ஆம் நாள் கொலையுண்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் நம்மவர் தலைவராய்ப் பணியாற்ற இயலவில்லை. 2006ஆம் ஆண்டிலேயே முறையான தேர்தல் நடந்தேறியது. ஓர் ஊராட்சியின் நாற்காலிக்கு இத்துணை எதிர்ப்பு ஏன்? குளத்துக் குத்தகைக்கும் புளியமர ஏலத்திற்கும் புறம்போக்கு நிலத்திற்கும் கையெழுத்திடும் நாற்காலி அது. ஊரின் வரைபடம் அங்கேதான் மாறும்.

பசுமை யாருக்காக?

இவ்விடத்து ஒரு கடினமான வினாவை நாம் எதிர்கொள்ளுதல் வேண்டும். மரம் நடுவதும் குளம் காப்பதும் நல்லன என்பதில் இரு கருத்தில்லை. ஆயின் நம் மக்களிற் பலர் வேறிடம் இன்மையால் குளத்துப் புறம்போக்கிலும் ஓடைக்கரையிலும் குடியிருக்கின்றனர். 1981இல் சுவீடன் நாட்டு உதவியுடன் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய்களின் நீர்ப்பரப்பில் கருவேல மரங்கள் வளர்க்கப்பட்டன. ஊராட்சிக்கு வருவாய் வந்தது. ஆடு மேய்த்த ஏழைக்கு மேய்ச்சல் குறைந்தது. 2007ஆம் ஆண்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் சட்டம் இயற்றப்பட்டது. குடிசையின் எல்லையை அளப்பது எளிது. குளத்தை ஒட்டிய தோப்பின் எல்லையையும் அதே சங்கிலியால் அளக்கிறார்களா என்று பார்த்தல் வேண்டும்.

2011 ஜனவரி 28ஆம் நாள், பஞ்சாபில் ஓர் ஊர்க்குளம் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பினின்று மீட்க வேண்டும் என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, நிலமற்ற உழைப்பாளர்க்கும் பட்டியல் இனத்தவர்க்கும் அரசு ஆணைப்படி வழங்கப்பட்ட நிலத்தையும், பள்ளி முதலிய பொதுப்பயன் உள்ள இடத்தையும் விதிவிலக்காகக் கருதலாம் எனவும் கூறியுள்ளது. தீர்ப்பின் முற்பகுதியைப் பலர் அறிவர். பிற்பகுதியை நாம் அறிந்து வைத்தல் வேண்டும்.

இதனால் குளம் அழிந்தாலும் நமக்கென்ன என்று எவரும் எண்ணற்க. நீரும் நிலமும் கெட்டால் முதலில் வாடுபவர் நாமே. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலின் கழிவால் கிணறுகள் கெட்ட கதையை நம் மாவட்டம் நன்கறியும். 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வேலூர் மக்கள் நலமன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு நம் திண்டுக்கல்லையும் உள்ளடக்கியது. அத்தொழிலில் உழைத்த கைகளும் நம்முடையவை. கெட்ட நீரைக் குடித்த வாய்களும் நம்முடையவை. ஆகலின் மனையா குளமா என்னும் வழக்கில் ஒன்றை மட்டும் நாம் கேட்கலாகாது. உயரமான, ஊரோடு ஒட்டிய மாற்றிடத்தில் பட்டாவுடன் கூடிய மனையைக் கேட்போம். குளமும் காக்கப்பட வேண்டுமெனக் கேட்போம்.

இது நடக்கக்கூடியதா என ஐயுறுவோர்க்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கம் விடை கூறும். வேதிப் பொறியியல் கற்று, ஆய்வு நிறுவனப் பணியைத் துறந்து ஊர் திரும்பிய நம் சமுதாயத்து ரங்கசாமி இளங்கோ, 1996இல் அவ்வூராட்சிக்குத் தலைவரானார். கிராம சபையில் மக்களைக் கூட்டித் திட்டம் தீட்டினார். ஒரு சுவரின் ஒரு புறம் ஒடுக்கப்பட்ட குடும்பமும் மறுபுறம் பிற சாதிக் குடும்பமும் வாழும் இரட்டை வீடுகள், உள்ளூர் மண்ணில் அழுத்திச் செய்த கற்களால் அங்கு எழுந்தன. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரமும் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் நாற்பது நம் மக்களுக்கு உரியவை. சேர்ந்து வாழும்படி ஊரை வரைய இயலும் என்பதற்கு இவை கண்கண்ட சான்றுகள்.

இனி நாம் செய்ய வேண்டுவன

நாம் நன்கறிந்த சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம், ஊர்ப்பெயர் வேண்டா. அங்கு ஒரு கிராம சபையில், குப்பை சேர்க்கும் கொட்டகையை நம் தெருவை ஒட்டிய வெற்றிடத்தில் அமைக்கத் தீர்மானமாயிற்று. பிள்ளைகள் பந்தாடிய இடம் அது. கொதித்தெழுந்த இளைஞர்கள் நம்மிடம் வந்தனர். “சபைக்கு நம் தெருவிலிருந்து எத்தனை பேர் சென்றீர்கள்?” என்று கேட்டோம். மூவர் என்றனர், அம்மூவரும் கையெழுத்திட்டுவிட்டு வேலைக்குச் சென்றவர்கள். அடுத்த சபைக்கு அறுபது பேர் சென்றனர். அவர்களிற் பாதிக்கு மேல் பெண்கள். புல எண்ணையும் பரப்பையும் எழுதிக்கொண்டு சென்றனர். கட்டிய கொட்டகை நகரவில்லை. இன்றும் அங்கேயே நிற்கின்றது. ஆயினும் எஞ்சிய நிலம் விளையாட்டுத் திடல் எனத் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. அதன் ஓரத்தில் அவர்கள் நட்ட வேம்பும் புங்கனும் இன்று ஆள் உயரம் தாண்டிவிட்டன. முதற் கூட்டத்திலேயே அறுபது பேர் சென்றிருந்தால்? அதை எண்ணும்போதெல்லாம் நம் மனம் வருந்துகின்றது.

ஆகவே, இளைஞர்களே, இவற்றை நெஞ்சிற் கொள்ளுங்கள். தமிழகத்தில் கிராம சபை கூடும் நாட்கள் ஆறு: குடியரசு நாள், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள். ஊரின் மக்கள்தொகைக்கேற்பச் சபைக்குக் குறைந்த அளவு வருகை விதிக்கப்பட்டுள்ளது. ஐந்நூறு வரையுள்ள ஊருக்கு 50 பேர். மூவாயிரம் வரை 100 பேர். பத்தாயிரம் வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். இவ்வெண்ணிக்கையை நம் தெருக்களே நிறைவிக்கக்கூடிய ஊர்கள் பல உள. நகரத்தில் வாழ்வோர்க்கும் 2022 முதல் பகுதி சபைகள் உண்டு.

சபைக்குச் செல்லுமுன் நம் தெருவை நாமே அளந்து வரைவோம். ‘அ’ பதிவேட்டில் நம் ஊரின் பொதுநிலங்கள் எவை, அவற்றின் புல எண்கள் எவை என அறிவோம். மழைநீர் எங்கே தேங்குகின்றது, சுடுகாட்டுப் பாதை எங்கே அறுபடுகின்றது, பெண்கள் அஞ்சும் இருட்டு எங்கே, மரம் நட இடம் எங்கே என்பவற்றைக் குறிப்போம். நம் பாட்டன்மார் அறிந்த மடையும் ஓடையும் எவை என முதியோரைக் கேட்டு எழுதுவோம். கோரிக்கையை எழுத்தில் அளித்து, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை எழாதிருப்போம். நட்ட மரத்திற்கு நீர் ஊற்றுவதும் நம் கடமையே. பிறர் கூடும் மந்தையில் நமக்கு இடம் கேட்கும் நாம், நாம் உண்டாக்கும் நிழலில் பிறர்க்கும் இடம் தருவோம்.

நமது சங்கம் தோன்றியபோது, நம் பிள்ளைகள் எழுத்தைக் கற்க வேண்டும் என்பதே அதன் வேட்கையாயிருந்தது. அவ்வேட்கை இவ்விருபத்தைந்து ஆண்டுகளில் பெருமளவு நிறைவேறியுள்ளது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகள் ஊரின் வரைபடத்தைப் படிக்கவும் திருத்தவும் கற்கட்டும். நம் தெரு தாளின் ஓரத்தைத் தாண்டிக் கிடக்கின்றது என்று இனி எந்தக் குழந்தையும் கூறாதிருக்கட்டும். அதற்குத் தாள் பெரிதாக வேண்டுவதில்லை; வரையும் கோல் நம் கையிலும் இருத்தல் வேண்டும்.